பெலேம் வாசலில் நான் மறைத்தது

அன்புள்ள அக்கா,

இன்று பிப்ரவரி 11. இந்தத் தேதியின் சிறப்பை உனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 32 ஆண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் இதே நாளில் கரும்பலகையின் மூலையில் ‘1554’ என்று எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கியவள் நீ. இதை வாசிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1554ஆம் ஆண்டு இந்த நாளில் லிஸ்பன் நகரத்தில், தமிழை ரோமன் எழுத்தில் கோத்து, போர்த்துகீசியப் பொருளையும் சேர்த்து, ஒரு சிறிய கிறிஸ்தவ ஞானோபதேச நூல் அச்சானது. இந்திய மொழிகளுள் முதலில் அச்சேறியது தமிழ் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்களே, அதற்கு ஆதாரம் அந்த நூல்தான். கோவாவில் இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் அமைந்தது அதற்கு 2 ஆண்டுகள் கழித்து. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 24 ஆண்டுகள் கழித்து.

இதை உனக்குத் தனியாக எழுதாமல் ஏன் நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். தனியாக எழுதினால் நீ படித்துவிட்டு, நான்காக மடித்து, பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துவிட்டு, மறுநாள் தொலைபேசியில் “சாப்பிட்டியா?” என்று கேட்பாய். நாம் இருவரும் நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான் பேசிவருகிறோம். இங்கே எழுதினால் சித்தப்பா வீட்டார் வாசிப்பார்கள், அத்தானின் நண்பர்கள் வாசிப்பார்கள், உன் பழைய மாணவர்கள் வாசிப்பார்கள். ஆகவே சிலவற்றை எழுதப் போவதில்லை. அந்தச் சங்கிலி எங்கே போனது, எந்த ஆண்டின் கல்லூரிக் கட்டணமாக மாறியது என்பதெல்லாம் நம் இருவருக்குள் இருக்கட்டும்.

முதலில் வீட்டு விவகாரம், ஏனென்றால் இதை வாசிப்பவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வந்திருப்பார்கள். என் பங்கை உனக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன். யாருக்கும் பவர் எழுதி அனுப்பாமல் மார்ச் மாதம் நானே வந்து சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடுகிறேன். பங்கு என்ற பேச்சை முதலில் எடுத்தவர் யார், அன்றைக்குத் திண்ணையில் யார் என்ன சொன்னார் என்பவற்றை இங்கே கிளற மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இதை நாம் போன லிஸ்பன் பயணத்தில் நான் மறைத்ததற்குக் கொடுக்கும் ஈடு என்று நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி நீ நினைத்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் பத்திரத்துக்கு முன்னால் இந்தக் கடுதாசி உன் கைக்கு வர வேண்டும் என்று அவசரப்படுகிறேன்.

கடுதாசி என்று எழுதியதும், அதுபோலத் தமிழில் கலந்த போர்த்துகீசியச் சொற்களைத் தேடித் திரிந்த உன் முகம் நினைவுக்கு வருகிறது. 2023 அக்டோபரில் லிஸ்பனின் கடைத்தெருவில் நீ நடந்த விதத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லும் பதித்து, காலகாலமாகத் தேய்ந்து வழவழத்துப் போன அந்த நடைபாதையில் முழங்கால் வலியோடு ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. ஆனால் உன் கண்ணோ கடைப் பலகைகளிலேயே இருந்தது. பூட்டுக் கடைக்காரரின் பலகையில் இருந்த சொல்லை எழுத்துக்கூட்டி, “சாவி!” என்று நடுத்தெருவில் கூவினாய். தளவாடக் கடையில் மேசையும் அலமாரியும் கிடைத்தன. ஒரு வீட்டின் மேல் சன்னலைக் காட்டி, இதற்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டாய். நான் கைபேசியில் தேடி ‘ஜனேலா’ என்றதும், தொலைந்துபோன மாணவன் திரும்பி வந்ததைப் போலச் சிரித்தாய். உணவகத்தில் துவாலை கேட்டு வாங்கினாய், பழக்கடையில் அன்னாசியைத் தொட்டுப் பார்த்தாய். ஏலம் என்பதும் இவர்கள் ஊர்ச் சொல்தான் என்று நீ சொன்னபோது நாம் இருவரும் ஒரு கணம் பேசாமல் நடந்தோம். வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்த காலம் இருவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

அன்று மாலை சாந்தா லூசியா மேட்டில் நின்றதையும் சொல்ல வேண்டும். அங்கே தேவாலயச் சுவரில் நீலமும் வெள்ளையுமான ஓடுகளால், 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய அரண்மனைச் சதுக்கத்தைப் படமாகப் பதித்திருக்கிறார்கள். நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், காலைப் பூசை நேரம். தேவாலயங்களில் ஏற்றிவைத்த மெழுகுவர்த்திகளே பிறகு ஊரை எரித்த தீக்கும் காரணமாயின. நடுக்கத்துக்குப் பயந்து ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்களை ஆழிப்பேரலை கொண்டுபோனது. ஆற்றோரம் இருந்த அரண்மனையோடு ஏறத்தாழ 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும் போயிற்று. நீ அந்த ஓட்டுப் படத்தின் முன் நின்றுகொண்டு, “இத்தனையும் போயும் அந்த ஒரு பிரதி தப்பிச்சிருக்கு பாரு, நாளைக்குப் பாக்கப் போறோம்” என்றாய். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது. சொல்லவில்லை.

மறுநாள் 15ஆம் எண் டிராமில் பெலேமுக்குப் போனோம். வழியெல்லாம் நீ அந்த மூவரைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாய். வின்சென்ட் டி நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தொமே டா குருஸ். நூலை ஆக்கியவர்கள் நம் முத்துக்குளித்துறைக் கரையைச் சேர்ந்த தமிழர்கள், ஆனால் கிடைக்கும் பெயர்களோ ஞானஸ்நானப் பெயர்கள். அவர்களைப் பெற்றவள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று எந்த ஏட்டிலும் இல்லையே என்று வருத்தப்பட்டாய். ஜெரோனிமோஸ் மடத்தின் வெள்ளைச் சுவர் நீண்டுகொண்டே வந்தது. அதன் மேற்குச் சிறகில்தான் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது, அந்த நூலின் எஞ்சிய ஒரே பிரதியும் அங்கேதான் என்பதை நீ ஊரிலிருந்து புறப்படும் முன்பே கட்டம் போட்ட தாளில் வரைபடமாக எழுதி வைத்திருந்தாய்.

வாசல் மூடியிருந்தது. புதுப்பிப்புப் பணி என்று அறிவிப்பு. நீ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் முன் நின்றாய். போர்த்துகீசியம் உனக்குத் தெரியாது, ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். எண்களை வாசிக்க எந்த மொழியும் வேண்டாம். அதில் 2022 என்று இருந்தது. நாம் நின்றது 2023 அக்டோபர். நீ எவ்வளவு நேரம் நின்றாய் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் பின்னால் நின்று காலணி நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கதவின் இரும்பில் உள்ளங்கையை வைத்தாய். திரும்பிப் பார்க்காமலே சொன்னாய்: “ஏல, சாவிங்கிற சொல்லை நமக்குக் குடுத்துட்டு, பூட்டை இவங்களே வச்சிக்கிட்டாங்க பாரு.” நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைக்கும்போது இன்றும் கூசுகிறது.

எனக்கு முன்பே தெரியும், அக்கா. நாம் புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே தெரியும். உனக்கு விசா வந்துவிட்டது, திரும்பப் பெற முடியாத பயணச்சீட்டு வாங்கியாகிவிட்டது, அதன் பிறகு ஓர் இரவு சும்மா தேடியபோது அருங்காட்சியகம் ஒன்றரை ஆண்டாக மூடிக் கிடப்பது கண்ணில் பட்டது. உடனே அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்று உன் மைனி அன்றைக்கே சொன்னாள். இதில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். சொன்னால் நீ வந்திருக்க மாட்டாய். ஆறு ஆண்டுகளாகக் கூப்பிட்டும் பள்ளி, பொங்கல், அத்தானின் சர்க்கரை என்று ஏதாவது ஒன்றைச் சொன்னவள் அந்தப் புத்தகத்துக்காக மட்டுமே சரி என்றாய். அது இல்லை என்றால் நான் என்னதான் உனக்குக் காட்டுவது?

திறந்திருந்தாலும் அப்படிப்பட்ட நூலைப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார்களா, முன்கூட்டியே அனுமதி வாங்காமல் போனால் எப்படியும் ஏமாற்றந்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படியென்றால் அனுமதி கேட்டு ஒரு கடிதமாவது எழுதியிருக்க வேண்டியவன் நான்; அதையும் எழுதவில்லை. காரணத்தைத் தோண்டிப் பார்த்தால் கிடைப்பது அற்பமானது. என் வாழ்நாளில் ஒருமுறையாவது நான் கொடுக்கிறவனாகவும் நீ வாங்கிக்கொள்கிறவளாகவும் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். புத்தகம் இல்லாத லிஸ்பனையும் நீ விரும்பிவிடுவாய், கடலும் டிராமும் போதும் என்று கணக்குப் போட்டேன். உன்னிடம் கேட்காமலே உனக்கு எது போதும் என்று முடிவு செய்தேன். மன்னித்துவிடு.

இதை எழுதி முடித்த கையோடு உன்மேல் கோபமும் வருகிறது. நீ அந்த வாசலில் என்னைத் திட்டியிருக்க வேண்டும். இத்தனை ஆயிரம் மைல் கூட்டிவந்து பூட்டிய கதவைக் காட்டுகிறாயே, முன்பே விசாரிக்க உனக்குத் துப்பில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் எல்லாவற்றையும் அங்கேயே கொட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. “சரி, வந்ததுக்குக் கோயிலையாவது பாத்துட்டுப் போவோம்” என்றாய். உனக்கு எப்போதும் இதுதான் வழக்கம். இழந்ததை இழந்ததாகச் சொல்ல மாட்டாய். சுற்றி இருப்பவர்கள்தான் அதைச் சுமந்து திரிய வேண்டும். நான் பெற்ற ஒவ்வொன்றின் பின்னாலும் நீ கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. கேட்டிருந்தால் ஒரு நாள் அடைத்திருப்பேன்.

கோயிலுக்குள் போனோம். மரம் போல உயர்ந்து மேலே கிளை பரப்பும் தூண்கள், கல்லில் கப்பல் கயிறுகள். 1501இல் தொடங்கிய கட்டடம். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைக் கடல்களிலிருந்தும் வந்த சரக்கின் மீது விதித்த வரி, அதாவது பெரும்பாலும் மிளகுப் பணம். நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் செத்தவரை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எல்லாரும் படம் எடுத்தார்கள். நீ அதை அரை நிமிடம்கூடப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் இருந்த கவிஞர் கமோயிஷின் கல்லறைக்குப் போய், அங்கேதான் நின்றாய். பின்பு கடைசி வரிசையில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டே, நோட்டிலிருந்து அந்தக் கட்டம் போட்ட தாளைக் கிழித்து, நான்காக மடித்துப் பைக்குள் போட்டாய். நான் தூண்களைப் பார்ப்பது போல விலகி நின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் நீ எல்லாரிடமும் சொன்னது என் காதுக்கு வந்தது. சித்தப்பாவிடமும் பள்ளித் தோழிகளிடமும், “நாங்க போன அன்னைக்கு லீவு, பாவம் தம்பி என்ன செய்வான்” என்று சொல்லியிருக்கிறாய். அந்த ஒரு நாள் விடுமுறை என்ற பொய்யை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான் சொல்லவில்லை. வாசலில் இருந்த எண்ணை நீ படிக்கவில்லை என்றால், ‘எப்போதும் மூடித்தான் இருக்கிறது போல’ என்றோ, ‘ஏதோ வேலை நடக்கிறது’ என்றோதானே சொல்லியிருப்பாய். நான் உன்னிடம் மறைத்ததை நீ ஊரிடம் மறைத்திருக்கிறாய் என்று இந்த இரண்டரை ஆண்டுகளாகச் சந்தேகப்படுகிறேன். திண்ணையில் பங்குப் பேச்சு முற்றி, நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்ன அன்றைக்குக்கூட, உன் கையில் இருந்த இந்த ஒன்றை நீ என்மீது எறியவில்லை. எறிந்திருந்தால் நான் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பேனா, இன்னும் முறுக்கிக்கொண்டு போயிருப்பேனா, தெரியவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு விடை மட்டும். 2022 என்று அந்த அறிவிப்பில் இருந்ததை நீ வாசித்தாயா, இல்லையா? தொலைபேசியில் வேண்டாம். பத்திரப் பதிவு அன்று நாலு பேர் நடுவிலும் வேண்டாம். நான் வந்திறங்கும் அன்று ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, மொட்டை மாடியில் வைத்துச் சொல். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வாசலில் என்னைப் பார்த்ததும், சாப்பிட்டாயா என்று மட்டும் முதலில் கேட்டுவிடாதே.

உன் தம்பி