பத்து சென்சார் வாங்குமுன்

கொழிஞ்சாம்பாறை,
ஞாயிறு.

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடச் சொல்.

நார் மில் தூசியை அளக்க பிளான்டவர் பி.எம்.எஸ்.5003 சென்சார் பத்து வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு, ஆனால் மில்லுக்கு எதிராக அதைச் சாட்சிக்கு நிறுத்தாதே. லேசர் வெளிச்சம் துகளில் பட்டுச் சிதறுவதை வைத்துக் கணக்குப் போடும் சாதனம் அது. நார்த்தூளும் ரோட்டு மண்ணும் பருமன், முக்கால்வாசி அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். பி.எம்.10 (பத்து மைக்ரான் வரையுள்ள துகள்) என்று அது தரும் எண் பெரும்பாலும் நுண்துகளைப் பார்த்துப் போட்ட ஊகம். கொடியில் காயும் துணியெல்லாம் தூள் படிந்திருக்கும், திரையில் எண் சாதுவாக நிற்கும். மில்காரர் அந்த எண்ணையே உன்னிடம் நீட்டுவார். அந்தத் தூளுக்கு வடிதாளில் பிடித்து எடை போடும் கருவிதான் வேண்டும். மட்டை, குப்பை எரிக்கிற புகைக்கு இந்த சென்சார் கெட்டி. லாரி டீசல் புகையிலோ ஒரு பங்கு அதற்கும் எட்டாத அளவுக்குப் பொடி.

அடுத்த வம்பு ஈரம். ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் துகள் தண்ணீர் குடித்து ஊதிக்கொள்ளும், சென்சார் அதையும் தூசி என்றே கூட்டிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதே சென்சார் உள்ள பர்ப்பிள்ஏர் என்ற காற்றுத் தூசி அளக்கும் பெட்டிக்கு ஒரு திருத்தம் தந்திருக்கிறது: பி.எம்.2.5 (2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்) அளவு × 0.524 − ஈரப்பதம் × 0.0862 + 5.75. 60 காட்டி, ஈரம் 90 என்றால் 29 சொச்சம்தான் வரும்! அந்த எண்கள் அங்கத்திய காற்றுக்கு. அப்படியே எடுத்துப் போடாதே. கோவை சிட்கோ குறிச்சியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் இருக்கிறது. அனுமதி கேட்டு அதன் பக்கத்தில் ஒரு பெட்டியைச் சில வாரம் வைத்து, நமக்கென்று எண் எடு. மழையில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை.

பூட்டும்போது சென்சாருக்கு 5 வோல்ட், டேட்டா கம்பிக்கு 3.3 வோல்ட். ஒவ்வொரு தடவையும் அதன் விசிறி 30 விநாடி ஓடிய பிறகே அளவு எடு. சென்சார் அனுப்பும் 32 பைட் செய்தியில் ஒரே துகளுக்கு இரண்டு விதமான எண் வரும், சி.எஃப்.1 (திட்டத் துகளை வைத்த கணக்கு) ஒன்று, வளிமண்டலம் (வெளிக்காற்றுக்கான கணக்கு) ஒன்று. தூசி குறைவாக இருந்தால் இரண்டும் ஒன்றே, ஏறினால் பிரிந்துபோகும். மேலே சொன்ன திருத்தம் சி.எஃப்.1க்கு. பத்துப் பெட்டியும் அதையே எழுதட்டும். ஈரம் பார்க்கும் பி.எம்.இ.280ஐ போர்டு ஒட்டி வைத்தால், அந்தச் சூட்டில் ஈரத்தைக் குறைத்துக் காட்டும். பெட்டியில் காற்று நுழையும் வாய்ப்பக்கம் தள்ளி வை.

வாய் கீழே பார்க்கட்டும், இந்தப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேரே அடித்தால் விசிறி திணறும். ஆள் உயரத்துக்கு மேல், விறகடுப்புக்கு எட்டத்தில் மாட்டு. வாயில் கொசுவலை கட்டு. உள்ளே சிலந்தி கூடு கட்டினால் எண் கன்னாபின்னாவென்று ஆடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பத்தையும் மொட்டைமாடியில் ஒரே கம்பியில் இரண்டு வாரம் தொங்கவிடு. நடு அளவிலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் விலகுவதைத் தனியே எடுத்து வை. கணக்கைத் தாளில் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பங்காளி