அகார்த் தட்டிலிருந்து கிடாரத்துக்கு

யாழ்ப்பாணத்தில் மூலிகைச் சாறுகளைக் கொண்டு கிருமிகளைச் சோதிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்,

வணக்கம். அப்பாவின் அந்தியேட்டிக்கு எங்கள் வீட்டில் விடிய 4 மணிக்கே கிடாரத்தில் சோறு வடித்து வாழையிலையால் மூடி வைத்தார்கள். கிரியை முடிந்து பந்தி போட 2 மணியாகிவிட்டது. கரண்டியை விட்டபோது மேற்சோறு ஆறிப்போயிருந்தது. நடுச்சோறு கைபொறுக்கும் சூடு. "உள்ளி தட்டிப் போட்ட ரசம் இருக்குது பிள்ளை, ஒண்டும் செய்யாது" என்றார் மாமி. பொழுதுபட முன் 11 பேர் வாந்தி எடுத்தார்கள். மாமியும் அதில் ஒருவர்.

எந்தக் கிருமி என்று ஒருவரும் சோதிக்கவில்லை. ஆனாலும் ஆறின சோற்றுக்குப் பேர்போனது பசிலஸ் சீரியஸ். அதன் வித்திகள், அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் கிருமிகள், சோறு கொதிக்கும்போதும் சாகாமல் கிடந்து, இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகி, வாந்தியெடுக்க வைக்கும் நஞ்சைச் சோற்றிலேயே விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. உள்ளியில் கிருமியைக் கொல்லும் பொருளான அலிசினோ பச்சையாய் நசுக்கும்போது உண்டாவது. ரசத்தோடு கொதித்தால் பெரும்பகுதி அழிந்துவிடும். பச்சை உள்ளிச்சாறு ஆய்வுகூடத் தட்டில் கிருமியைக் கொல்வது உண்மை. மாமி அந்த உண்மையைத்தான் ரசத்துக்கும் நீட்டிவிட்டார்.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வேப்பிலை, கொய்யா இலை, மாதுளைத் தோல், கராம்பு என்று எதனோல் என்ற மதுசாரத்தில் ஊறவைத்து வடித்து, கடதாசி வில்லையில் ஏற்றி, கிருமி வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டில் கிருமி வளராத வளையத்தை மில்லிமீற்றரில் அளக்கிறீர்கள். நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்கு மசியாத கிருமிகள் பெருகும் காலத்தில் அது பெரிய வேலை. ஆனால் தட்டில் மீன் கொழுப்பு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. கராம்பில் கிருமியைக் கொல்லும் பொருளான இயூஜெனோல் தட்டில் கொல்லும் அளவு, கொழுப்பும் புரதமும் நிறைந்த கறியில் பெரும்பாலும் போதாது. போதுமட்டும் கூட்டினால் கறியை வாயில் வைக்கேலாது. ஸ்ரபிலோகொக்கஸ் என்ற கிருமி இலகுவாய் மடியும் சாற்றுக்கு, மேலதிக வெளிச்சவ்வுள்ள கிருமிகளான ஈ.கோலையும் சல்மனெல்லாவும் பலவேளை தாக்குப்பிடிக்கும். எங்கள் ஊரை வாட்டிய நெருப்புக்காய்ச்சலைத் (தைபொயிட்டு) தருவதும் சல்மனெல்லா வகைதானே.

ஆகவே தட்டோடு நிற்காதீர்கள். ஒரு இலையை எடுங்கள். தேங்காய்ச் சம்பலிலோ, தண்ணீர்ப்பந்தல் மோரிலோ, வெட்டின மீனிலோ அதைச் சேர்த்து, எங்கள் வெயிலில் 6 மணித்தியாலம் வைத்து, கிருமி எத்தனை மடங்கு குறைந்தது, நாக்கு ஏற்றதா என்று பாருங்கள். குறையவில்லை என்றாலும் எழுதுங்கள். தோற்ற சோதனையும் எங்களுக்கு வேண்டும்.

பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போது, சமைத்ததை 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்கவேண்டும், அறைவெப்பத்தில் 2 மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது என்பதையும் அதே செய்தியில், தமிழில், சேருங்கள். மூலிகை கிருமியைக் கொல்லும் என்ற தலைப்பை மட்டும் வாசித்துவிட்டு அன்னதானக் கிடாரத்தை மூடிவைப்பவர்கள் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

வருகிற மாசியில் அப்பாவின் ஆட்டைத் திவசம். இந்தமுறை பந்திக்குச் சற்று முன்னர்தான் சோறு வடிக்கச் சொல்லியிருக்கிறேன். சோதிக்கச் சோறும் சம்பலும் ரசமும் வேண்டுமென்றால் போத்தல்களோடு வாருங்கள். உள்ளி மாமிதான் உரிப்பார்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்து மகள் ஒருத்தி