கேரி கோல்மன் சாருக்கு ஒரு கடிதம்: செக்யூரிட்டி வேலை பார்த்ததுல என்ன தப்பு?

கேரி சார், வணக்கம்.

நீங்க போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காச்சு, இதை நீங்க படிக்கப்போறதில்லன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் உங்களுக்கே எழுதிடலாம்னு தோணுச்சு, ஏன்னா அமெரிக்க டிவியில குழந்தை நட்சத்திரமா இருந்த உங்களைப் பத்தி மத்தவங்க போடுற வீடியோவைப் பாத்துப் பாத்து எரிச்சலா வருது. அப்போ ஒரு போட்டோ, இப்போ ஒரு போட்டோ, பின்னாடி அழுகாச்சி மியூசிக், "எபிசோடுக்கு 1 லட்சம் டாலர் வாங்கின பையன் கடைசில ஷாப்பிங் மால்ல செக்யூரிட்டி ஆயிட்டான் பாருங்க"ன்னு ஒரு குரல். அதுல என்னய்யா சோகம்? யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு ஷிப்டுக்குப் போய் சம்பளம் வாங்கி வாடகை கட்டுறது எப்போலேர்ந்து கேவலம் ஆச்சு? உங்க கதையில வயிறு எரிய வேண்டிய இடம் நிறைய இருக்கு, ஆனா அந்த வேலை அதுல சேராது.

இங்க நிறைய பேருக்கு உங்களைத் தெரியாதுங்கிறதால கொஞ்சம் சொல்லிட்டுப் போறேன், கோச்சுக்காதீங்க. 1968-ல பொறந்து, இல்லினாய் மாநிலத்துல சயான்ங்கிற சின்ன ஊர்ல, தத்து எடுத்த அப்பா அம்மாகிட்ட வளர்ந்தீங்க. சிகாகோவுல ஒரு பேங்க் விளம்பரத்துல நடிச்சது கண்ணுல பட்டு, 1978 நவம்பர்ல என்பிசி சேனல்ல 'டிஃப்ரண்ட் ஸ்ட்ரோக்ஸ்'ங்கிற காமெடி சீரியல் ஆரம்பிச்சப்போ உங்களுக்கு வயசு 10, கேரக்டருக்கு 8. நியூயார்க் ஹார்லெம்ல இருக்கிற ரெண்டு கறுப்பின அண்ணன் தம்பி, வீட்டு வேலை செஞ்ச அம்மா இறந்துபோக, அந்த வீட்டுப் பணக்கார வெள்ளைக்கார முதலாளியே ரெண்டு பேரையும் தத்து எடுத்துக்கிறாரு, இதான் கதை. தம்பி ஆர்னால்ட் நீங்க. கன்னத்தை உப்பிக்கிட்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கிட்டு, அண்ணன் வில்லிஸைப் பாத்து 'என்ன பேசுற நீ'ன்னு கேக்குற அந்த ஒரு டயலாக் அமெரிக்காவையே கட்டிப் போட்டுச்சு, அப்புறம் ஆயுசு பூரா போற இடமெல்லாம் அதையே சொல்லச் சொல்லி உங்க உயிரை வாங்கினாங்க.

சும்மா சொல்லக்கூடாது, அந்த எபிசோடுகளை இப்போ போட்டுப் பாத்தாலும் டைமிங் பிரமாதம். எதிர்ல நிக்கிறவர் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து, ஒரு அரை விநாடி தள்ளி, அப்புறம்தான் திரும்புவீங்க. பெரிய பெரிய காமெடியன்களே அந்த அரை விநாடிக்குத் தடுமாறுவாங்க.

ஆனா அந்தக் குட்டி உருவம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஜனங்க யோசிக்கல. பிறவியிலேயே கிட்னி கோளாறு. 1973-ல, 5 வயசுல முதல் கிட்னி மாற்று ஆபரேஷன். 1984-ல, சீரியல் ஓடிக்கிட்டிருக்கும்போதே ரெண்டாவது. ரெண்டுமே நிலைக்கல. நோயும் ஸ்டீராய்டு மாதிரியான மருந்துகளும் சேர்ந்து வளர்த்தியை நிறுத்திடுச்சு, கடைசி வரைக்கும் 4 அடி 8 அங்குலம்தான். எங்க சித்தப்பா டயாலிசிஸ்ல இருந்தவர், அதனால எனக்கு இது கொஞ்சம் தெரியும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்னு அளந்து வெச்சிருப்பாங்க, நாக்கு வறண்டுச்சுன்னா ஒரு ஐஸ் துண்டை வாயில போட்டு அதக்கிக்கிட்டே இருப்பாரு. டயாலிசிஸ் முடிஞ்சு வந்தா பேசக்கூட தெம்பு இருக்காது, சட்டையை மாத்தாம அப்படியே சுருண்டு படுத்துடுவாரு. பெரிய மனுஷன் அவரே அப்படின்னா, ஆபரேஷன், மருந்து, ஆஸ்பத்திரி, திரும்ப செட்டு, லைட்டு, ஆடியன்ஸ்னு ஒரு சின்னப் பையன் வருஷக்கணக்கா ஓடியிருக்கான்னா எப்படி ஓடியிருப்பான். உங்க உடம்புக்கு வந்த நோய் சீரியலுக்கு வரவு ஆயிடுச்சு சார், அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. மத்த குழந்தை நட்சத்திரங்களுக்கு மீசை முளைச்சா வேலை போயிடும். நீங்க 17 வயசுலயும் சின்னப் பையனா நிக்கலாம். 8 சீசன், 1986 வரைக்கும் இழுத்தாங்க, கடைசி ஒரு வருஷம் சேனல் மாறி ஏபிசியில.

சரி, காசு எங்க போச்சு? இதுக்கு பழைய கதை ஒண்ணு இருக்கு. சார்லி சாப்ளினோட 1921-ல 'தி கிட்' படத்துல நடிச்ச ஜாக்கி கூகன், பெரியவனாகி வந்து கேட்டப்போ அவர் சம்பாதிச்ச லட்சக்கணக்கான டாலரை அம்மாவும் அம்மாவோட ரெண்டாவது புருஷனும் செலவழிச்சிருந்தாங்க. கேஸ் போட்டும் 1.26 லட்சம் டாலர்தான் கைக்கு வந்துச்சு. அந்த அசிங்கத்துக்கு அப்புறம்தான் 1939-ல குழந்தை நட்சத்திரங்களோட சம்பாத்தியத்தைக் காப்பாத்த கலிஃபோர்னியாவுல கூகன் சட்டம் வந்தது. வந்து என்ன பிரயோஜனம், உள்ளே அத்தனை ஓட்டை. குழந்தையோட சம்பாத்தியம் பெத்தவங்களுக்குத்தான் சொந்தம்ங்கிற அடிப்படையே மாறல. நீங்க 1989-ல, 21 வயசுல, அப்பா அம்மா மேலயும் பழைய பிசினஸ் மேனேஜர் மேலயும் கேஸ் போட்டீங்க. 1993-ல தீர்ப்பு உங்க பக்கம், சுமார் 12.8 லட்சம் டாலர். அதுவும் 1999 வரைக்கும்கூட தாங்கல, திவால் மனு குடுக்க வேண்டியதாப் போச்சு. ஜெயிச்ச கேஸ்தான், ஆனா பெத்தவங்களைக் கோர்ட்டுல எதிர்ல நிறுத்தி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா சார்? கூட நடிச்ச டேனா பிளேட்டோ அதே 1999-ல போதை மருந்துல இறந்துபோனாங்க, டாட் பிரிட்ஜஸ் போதையில விழுந்து எந்திரிச்சாரு, உடனே 'அந்த சீரியலுக்கே சாபம்'னு ஒரு பேச்சு. சாபமாவது மண்ணாவது.

அப்புறம் 1998 விஷயம். செக்யூரிட்டி வேலைக்குத் தேவையான புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் வாங்கக் கடைக்குப் போன இடத்துல ஒரு பெண்மணி ஆட்டோகிராஃப் கேட்க, வாய்ச்சண்டை முத்தி நீங்க கை நீட்டிட்டீங்க. அது தப்பு, நான் வக்காலத்து வாங்க மாட்டேன், கோர்ட்டும் அபராதம் போட்டுச்சு, கோபத்தை அடக்க வகுப்புக்குப் போகச் சொல்லுச்சு. ஆனா அதுக்கப்புறம் டிவி காமெடி ஷோக்காரங்க அதை வெச்சு ஓட்டின ஓட்டு இருக்கே! அடிச்சதை விட, அடிச்சவர் குள்ளமா செக்யூரிட்டி யூனிஃபார்ம்ல இருந்தாருங்கிறதுதான் அவங்களுக்கு ஜோக்கு. அடுத்த வருஷமே 'சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன்ல செக்யூரிட்டி கேரி கோல்மனா நீங்களே போய்க் குரல் குடுத்தீங்க, சிரிக்கிறதுன்னா சிரிங்க, ஆனா எனக்குக் காசைக் குடுத்துட்டுச் சிரிங்கன்னு. அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2003-ல ஒரு பத்திரிகைக்காரங்க நக்கலுக்காக உங்களை கலிஃபோர்னியா கவர்னர் எலக்‌ஷன்ல நிறுத்தினப்போ, 135 பேர் நின்ன அந்த எலக்‌ஷன்ல 14,242 ஓட்டு வாங்கி எட்டாவது வந்தீங்க. டெபாசிட் போச்சேன்னு அழுத எத்தனையோ பெரிய தலைங்களை நாங்க பாத்திருக்கோம், அவங்களுக்கு நீங்க எவ்வளவோ தேவலை.

உங்களைப் பத்திப் படிச்சதுல எனக்கு நிஜமாவே சந்தோஷமா இருந்தது ரயில் சமாச்சாரம் மட்டும்தான். மாடல் ரயில் மேல அப்படி ஒரு பைத்தியம், போன ஊர்ல எல்லாம் வீட்டுக்குள்ளயே தண்டவாளம் போட்டு வெச்சிருந்தீங்களாம். அந்த ரயில் சாமான் விக்கிற கடைகள்லயே டென்வர்லயும் டூசன்லயும் பார்ட் டைம் வேலையும் பாத்திருக்கீங்க. கூட்டம் சேர்க்கிற வீடியோக்காரன் இதையும் 'ஐயோ பாவம்' லிஸ்ட்லதான் சேர்ப்பான். நான் சேர்க்க மாட்டேன். எந்த இன்ஜினுக்கு எந்தப் பெட்டி சேரும்னு கஸ்டமர்கிட்ட பேசிக்கிட்டு நிக்கிறப்போ, யாரும் ஸ்கிரிப்ட் எழுதித் தராத பேச்சு அது, அப்பா அம்மா கமிஷன் எடுக்காத சம்பளம் அது.

2010 மே மாசம் யூட்டா மாநிலத்துல உங்க வீட்டுல விழுந்து, தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு, 28-ஆம் தேதி ப்ரோவோ ஆஸ்பத்திரில போயிட்டீங்க. வயசு 42. அதுக்கப்புறமும் சொத்து யாருக்குன்னு முன்னாள் மனைவியும் அன்னா கிரேங்கிற பழைய தோழியும் கேஸ் நடத்தி, 2012-ல தோழி பக்கம் தீர்ப்பாச்சு. இருந்தப்பவும் கோர்ட்டு, போனப்புறமும் கோர்ட்டு.

ஒரு சேதி மட்டும் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன். கூகன் சட்டத்தை 2000-லேர்ந்து திருத்திட்டாங்க, குழந்தையோட சம்பாத்தியம் குழந்தைக்கே சொந்தம், 15 சதவீதம் தனியா பூட்டி வெக்கணும், பெத்தவங்க தொட முடியாது. நீங்க திவால் ஆனதுக்கு மறுவருஷம். மீதி 85-ஐப் பாத்துக்கிறது பழையபடி பெத்தவங்க பொறுப்புலதான்னு எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கு, அது தனிக்கதை. இப்போ டிவி போய் யூடியூப் வந்துடுச்சு சார், வீட்டுலயே கேமரா வெச்சு பிள்ளைங்களைக் காட்டிச் சம்பாதிக்கிறாங்க, செட்டும் கிடையாது, காண்ட்ராக்ட்டும் கிடையாது. அந்தப் பிள்ளைங்களுக்கும் பங்கு ஒதுக்கி வெக்கணும்னு அமெரிக்காவுலயே முதல்ல சட்டம் போட்டது உங்க இல்லினாய்தான், 2024 ஜூலை 1-லேர்ந்து நடைமுறைக்கு வந்திருக்கு. கலிஃபோர்னியா அதுக்கப்புறம்தான் முழிச்சுக்கிச்சு.

இப்படிக்கு,
உங்க பழைய எபிசோடுகளை இன்னும் பாத்துக்கிட்டிருக்கிற ஒருத்தன்