வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு போன்: அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

குடியை நிறுத்தவென்று உங்கள் வார்டில் வந்து படுப்பவரை முதல் வாரத்தில் நீங்கள் காப்பாற்றிவிடுகிறீர்கள். திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதற்குப் பிறகு பிதற்றல் வரலாம் என்பது எங்கள் மாதிரி வீடுகளுக்குத் தெரியும். அந்தக் கண்டத்தைத் தாண்ட வைப்பது நீங்கள்தான். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

டிஸ்சார்ஜ் அன்று கையில் ஒரு மாத்திரைக் கவர், மறுபடி வர வேண்டிய தேதி, ‘இனிமேல் தொடாதப்பா’ என்று ஓர் அறிவுரை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியிலேயே டாஸ்மாக் இருக்கிறது, மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 வரை. அதற்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. குடியை நிறுத்தியவர்களும் நிறுத்த நினைப்பவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டம் எங்கே நடக்கிறது என்றால்தான் யாருக்கும் தெரிவதில்லை. என் வீட்டுக்காரர் வார்டில் இருந்தபோது எங்களுக்கு அதைச் சொன்னது பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் அக்கா. அவர் சொல்லாமல் இருந்திருந்தால், நகையை அடகு வைத்து ஏதாவது தனியார் மறுவாழ்வு மையத்தைத் தேடிப் போயிருப்போம்.

இந்தக் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்ததில் தொடங்கியது. நம் ஊர்களிலும் தமிழிலேயே நடக்கிறது. பல இடங்களில் சர்ச் ஹாலிலோ பள்ளி அறையிலோ கூடுகிறார்கள். சர்ச் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று பயந்து வாசலோடு திரும்பிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எந்த மதத்தோடும் சம்பந்தமில்லை, அறைக்கு வாடகை கொடுத்துத்தான் கூடுகிறார்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பயம் போய்விடும். டாக்டர் சொன்னால் கேட்பார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று நோயாளிக்கு முன்பே தெரிந்திருந்தால் பாதித் தயக்கம் குறையும். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்கிறார். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். அவர் தன் கதையைப் பேசுகிறார், யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. புதிதாக வந்தவர் கதவை ஒட்டின நாற்காலியில்தான் உட்காருவார். அவருக்கு மட்டும் டம்ளரில் பாதி டீதான் ஊற்றித் தருவார்கள், கை நடுங்கும் என்பதால். செலவுக்குப் பை சுற்றி வரும்போது, ‘புதியவர்கள் போட வேண்டாம்’ என்பார்கள். என் வீட்டுக்காரர் பேசுவதற்குப் பல வாரம் பிடித்தது. ஆனால் போய்க்கொண்டே இருந்தார்.

சரி, முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதாதா? போதாது. 1981இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வு இது. குடிநோய்ச் சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கூட்டத்தின் இடம், நாள், நேரம் எல்லாம் சொல்லி, போகச் சொன்னார்கள். இன்னொரு குழுவை, சிகிச்சை நடந்த இடத்திலிருந்தே ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரோடு போனில் பேச வைத்தார்கள். அவரே கூட்டத்துக்குக் கூட்டிப்போக ஏற்பாடு செய்தார்கள். முதல் குழுவில் ஒருவர்கூடப் போகவில்லை. இரண்டாவது குழுவில் எல்லோரும் போனார்கள். மிகச் சிறிய ஆய்வுதான், ஆனால் குடும்பங்களில் நாங்கள் பார்ப்பதும் இதையேதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, நோயாளியை முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதலாகவே உதவுகிறது என்கிறது அது.

அதனால் கேட்கிறேன். வீட்டுக்கு அனுப்பும் முன், வார்டிலேயே, உங்கள் சமூகப் பணியாளர் முன்னிலையில் ஒரு போன். நோயாளி சம்மதித்தால் போதும். எதிர்முனையில் பேசுபவர் தானும் குடித்து, தானும் நடுங்கி, வெளியே வந்தவர். இன்னொருவருக்குக் கைகொடுப்பது, குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் 12 படிகளில் கடைசிப் படி; அவர்கள் அதைத் தொந்தரவாக நினைப்பதில்லை.

அப்புறம், நேரம். மாலைக் கூட்டம் முடிவதற்குள் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ் கிளம்பிவிடுகிறது. மாத்திரை வாங்க எல்லோரும் வரும் ஓ.பி. நாளில், காலையிலேயே, மருத்துவமனைக்குள் ஓர் அறையை ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர முடியுமா? கூலி வேலைக்குப் போகிறவர் இதற்கென்று இன்னொரு நாள் லீவு போட வேண்டியிருக்காது.

பெண் நோயாளிகளை மறந்துவிடாதீர்கள். ஆண்கள் நிரம்பிய அறைக்குள் ஒரு பெண் தனியாகப் போய் உட்கார மாட்டார். அவரிடம் பேச ஒரு பெண் உறுப்பினரைக் கேட்டு வாங்குங்கள். ஆன்லைன் கூட்டங்களும் இருக்கின்றன. கூடவே வரும் மனைவிக்கும் அம்மாவுக்கும் அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, 1951லிருந்து. எனக்கு நிம்மதியான தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்தக் கூட்டம்தான்.

போதை மீட்புக்கு மத்திய அரசின் 14446 என்ற எண் இருக்கிறது. அதையும் சுவரில் எழுதிப் போடுங்கள். ஆனால் முதல் போனை நீங்கள் போட்டுக் கொடுங்கள். உங்கள் ஊர்க் குழுவைக் கூப்பிட்டு, வார்டுக்கு எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஆள் வருவார்கள்.

இப்படிக்கு,
குடிநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரின் மனைவி