சேலத்து கேஷுவாலிட்டி சிஸ்டருங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சிஸ்டர். அம்மாபேட்டைல இருந்து எழுதுறேன், தினமும் பஸ் ஏறி ஏற்காடு போய் வேலை பாத்துட்டு வர்றவ, பேனிக் அட்டாக் (திடீர்னு பயம் உச்சத்துக்கு ஏறுறது) வர்ற ஆளு. நைட் டூட்டில நீங்க ஒத்த ஆளா எத்தன பெட்ட பாக்குறீங்கன்னு தெரியும், தெரிஞ்சேதான் கேக்குறேன்: ஈசிஜி நார்மல்னு வந்ததுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் எங்க பக்கத்துல இருங்க.

எங்களுக்கு அப்ப என்ன ஆகுதுன்னா, நெஞ்சு படபடன்னு அடிக்கும், மூச்சு பத்தலையேன்னு வேக வேகமா இழுப்போம், இழுக்க இழுக்க ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு வாயச் சுத்தி மரத்துப் போய் வெரலெல்லாம் மடங்கி இழுத்துக்கும். எனக்கு ஒரு தடவ ஏற்காட்டுல இருந்து எறங்குறப்ப பஸ்ஸுக்குள்ளயே வந்துருச்சு, அந்த ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, நடுவுல எறங்கி எங்க போறது, பிட்ஸுன்னு நெனச்சு யாரோ சாவிக்கொத்த வேற கைல திணிச்சாங்க. அடிவாரத்துல ஆட்டோ புடிச்சு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனா ஈசிஜி எடுத்தாங்க, கேஸ் ட்ரபிளுக்கு ஊசி ஒண்ணு போட்டாங்க, "ஒண்ணுமில்லம்மா, சும்மா டென்ஷன், எந்திரி, வேற ஆளு படுக்கணும்"னுட்டாங்க. வெரலு அப்பவும் மடங்கித்தான் கெடந்துச்சு.

செக் பண்றத கொறைக்கச் சொல்லல. பிபி, ஆக்சிஜன், சுகர், ஈசிஜி எல்லாம் பாக்கத்தான் வேணும், சுகர் எறங்குனாலும் ஆஸ்துமான்னாலும் ஹார்ட்டுன்னாலும் இதே மாதிரிதான் இருக்கும், பழைய சீட்டுல பேனிக்னு இருந்தாலும் அத நம்பி விட்றாதீங்க.

இன்னொரு தடவ வேற எடத்துல ஒரு சிஸ்டர், சின்னப் பொண்ணு, ட்ரெய்னிங் முடிச்சு புதுசா வந்திருக்கும் போல, ஸ்க்ரீன இழுத்து விட்டுச்சு, எங்கம்மாவத் தவிர மத்தவங்கள வெளிய அனுப்புச்சு, ஸ்டூல் போட்டு என் கண்ணுக்கு நேரா உக்காந்துச்சு. "இது பேனிக் அட்டாக்தான்க்கா, இப்ப உச்சத்துல இருக்கு, கொஞ்ச நேரத்துல எறங்கிரும், நான் போகல." கைய புடிச்சுக்கட்டுமான்னு கேட்டுட்டுதான் புடிச்சுச்சு. ரிலாக்ஸ் ரிலாக்ஸ்னு கத்தவே இல்ல (அத கேட்டாலே எனக்கு இன்னும் படபடன்னு வரும்), அதுவே மெதுவா மூச்ச இழுத்து அதவிட மெதுவா விட்டுக் காட்டுச்சு, நானும் கூடவே விட்டேன். கவர்ல மூச்சு விடச் சொல்ற பழக்கம் இன்னும் சில எடத்துல இருக்கு, தயவுசெஞ்சு வேண்டாம், உள்ள ஆஸ்துமாவோ ஹார்ட் பிரச்சினையோ இருந்தா ஆக்சிஜன் எறங்கி ஆபத்தாயிரும்.

அப்புறம் அனுப்புறப்ப, சீட்டுல கேஸ் ட்ரபிள்னு எழுதி அனுப்பாம டாக்டர்ட்ட சொல்லி பேனிக்னே எழுத வைங்க. இல்லன்னா அடுத்த வாரம் இன்னொரு ஈசிஜி, அதுக்கடுத்த வாரம் ஸ்கேன், நடுவுல எங்கம்மா காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க, காசும் போகும் பயமும் போகாது. கவுன்சிலிங்கும் மாத்திரையும் இருக்கு, கேக்கும், ஜிஹெச்ல சைக்யாட்ரி (மனநல) ஓபி இருக்கு, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416க்கு ராத்திரி எந்நேரமும் ஃப்ரீயா போன் பண்ணி தமிழ்லயே பேசலாம்னு கூட வந்தவங்களுக்கும் சேத்து சொல்லுங்க. நம்பர சீட்டுக்குப் பின்னாடி பேனால எழுதிக் குடுத்தாக்கூட போதும்.

இன்சார்ஜ் சிஸ்டருங்க இத போஸ்டிங் வர்ற ஸ்டூடண்ட்ஸுக்கும் படிச்சுக் காட்டுங்க. அப்படியே பெட்டு பக்கத்துல ஒரு ஸ்டூலும் போட்டு வைங்க.