ஆடுகிற தராசு

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

போன கிழமை போனில் "அங்கே என்னதான் பிள்ளை செய்கிறாய்?" என்று கேட்டேன். "விண்மீன் மண்டலக் கொத்துகளை நிறுக்கிறேன் அப்பா" என்றாய். கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு மண்டலம், அப்படிப் பல மண்டலங்கள் சேர்ந்தது ஒரு கொத்து என்றும் சொன்னாய். அம்மா பின்னால் நின்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் 31 வருஷம் வெங்காயமும் செத்தல் மிளகாயும் நிறுத்துக் கணக்கு எழுதியவன் நான். நிறுவை என்று வந்தால் எனக்கும் கொஞ்சம் விளங்கும். அதனால் நீ அனுப்பியதையெல்லாம் வாசித்தேன். விளங்கியது பாதி, விளங்காதது பாதி.

நீ சொன்ன கண்ணாடி வேலையையும் செய்து பார்த்தேன். கலியாணத்துக்கு யாரோ தந்த வைன் கிளாஸ், அலுமாரியை விட்டு இறங்கியதே இல்லை. இறக்கும்போது கை தவறி உடைந்து, அடித்தட்டு மட்டும் மிஞ்சியது. (அம்மாவுக்கு இன்னும் தெரியாது.) பழைய கணக்குக் கொப்பியில் ஒரு மைப் புள்ளி வைத்து, தட்டை அதன்மேல் பிடித்தேன். நடுவில் பிடித்தால் புள்ளி வளையமாக விரிகிறது. கொஞ்சம் நகர்த்தினால் வளையம் அறுந்து, இரண்டு பக்கமும் வளைந்த கீற்றாக நிற்கிறது. ஏபெல் 370 கொத்தின் படத்தில் நீ காட்டிய நீண்ட வில் இதுதானே! பின்னால் வெகுதூரத்தில் இருக்கிற மண்டலத்தின் வெளிச்சத்தைக் கொத்தின் நிறை வளைக்கிறது. எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால் நிறை தெரியும். அந்த நிறை ஒளிர்கிறதா இல்லையா என்ற கேள்வியே இதில் இல்லை.

ஸ்விக்கி என்ற வானியலாளரின் கதை எனக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. 1933இல் அந்த மனிதர் கோமா கொத்தின் மண்டலங்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற பொருளை மட்டும் வைத்தால் இவை எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாராம். தெரிவதைப் போல 400 மடங்கு வேண்டும் என்றார். தூரத்தை அந்தக் காலத்தில் பிழையாக எடுத்ததால் எண் பெருத்துவிட்டது, சரி. ஆனால் லெட்ஜரில் துண்டு விழுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

இன்றைய கணக்கை என் பாஷையில் எழுதிப் பார்த்தேன். பெரிய கொத்து ஒன்றை 100 கிலோ மூட்டை என்று வைத்தால், நட்சத்திரங்கள் இரண்டு மூன்று கிலோ வரும். மண்டலங்களுக்கு இடையில் கோடிக்கணக்கான டிகிரியில் கொதித்து எக்ஸ் கதிர் வீசுகிற வாயு 12 கிலோவுக்குக் கிட்ட. மிச்சம் 85 கிலோவும் வெளிச்சமே விடாத, நிறையால் மட்டும் தெரியவருகிற கரும்பொருள். நாங்கள் இவ்வளவு காலமும் சாக்கின் மேல் ஒட்டிய மிளகாய் விதையைப் பார்த்து மூட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தோம் போல.

மூட்டைக்கு ஓரமும் இல்லையாமே. நடுவில் அடர்த்தி, வெளியே போகப் போகக் குறைகிறது. குறைகிற வேகமும் கூடிக்கொண்டே போகிறது. ஆனால் இங்கே முடிந்தது என்று கோடு கீற முடியாது. காலி வீதியால் தெஹிவளைப் பக்கம் நடந்தால், வெள்ளவத்தை எங்கே முடிந்தது என்று கடைப் பலகையைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம்? கொத்துகளுக்கும் அப்படித் தெருக்கள் உண்டு, இழை இழையாகப் போய் அடுத்த கொத்தைத் தொடுகின்றன என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளே விழுந்த பொருள் மறுபக்கம் வெளியேறி, எட்டத்தில் போய்த் திரும்புகிற இடத்தை ஓரமாக எடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் படுகிறது.

இனி என் சந்தேகம். வாயுவின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் வைத்து நிறுத்தால் ஒரு எண், வெளிச்சம் வளைவதை வைத்து நிறுத்தால் இன்னொரு எண், முதலாவது பல தடவை குறைவாக வருகிறது என்று வாசித்தேன். எனக்கு இது ஆச்சரியமே இல்லை. வாயு அசையாமல் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டுதானே அந்தக் கணக்கு? அது உள்ளே கலங்கிச் சுழன்றால், அந்தச் சுழற்சியும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கும். உங்கள் கணக்கில் அது விழாது. தொங்கு தராசில் மூட்டையைக் கொளுவிய உடனே முதலாளி முள்ளைப் பார்க்க விடமாட்டார். ஆட்டம் நிற்கட்டும் என்பார். ஆனால் உன்னுடைய வெளிச்சத் தராசும் சுத்தம் இல்லை பார். வெளிச்சம் வருகிற வழியில் கொத்துக்கு முன்னாலும் பின்னாலும் கிடப்பதெல்லாம் சேர்ந்து நிறுபடுகிறது. மேடைத் தராசில் மூட்டை தூக்குகிற நாட்டாமை ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி. நீ எதை எப்படிக் கழிக்கிறாய்? அதை மட்டும் விபரமாக எழுது. போனில் வேண்டாம், எனக்குத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

பருத்தித்துறை வடையும் அம்மா வறுத்து இடித்த தூளும் வெள்ளிக்கிழமை அனுப்பினேன். வீட்டில் நிறுத்தபோது 1 கிலோ 900. தபால் கந்தோரில் 2 கிலோ 150 காட்டியது. உங்கள் தராசு பிழை என்று அந்தப் பிள்ளையுடன் ஐந்து நிமிஷம் வாதாடினேன். பெட்டியை நான் நிறுக்கவில்லை என்பது படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்புடன்,
அப்பா