ரேகை பதியாத விரல்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ அனுப்பிய மூட்டுத் தைலத்தை அம்மா நாள் தவறாமல் தேய்க்கிறாள்; பயனில்லை என்று நாள் தவறாமல் சொல்லவும் செய்கிறாள்.

"மனிதவள அதிகாரி என்று வேலை கொடுத்துவிட்டு, லேபர் கேம்ப் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதையும் என்னிடமே கேட்கிறார்கள்" என்று போனில் சலித்துக்கொண்டாய். உன்னிடம்தான் கேட்பார்கள். ஆள் எடுப்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ., விபத்து அறிக்கை, இரண்டு மேஸ்திரிகளின் சண்டை எல்லாம் அந்த ஒரே மேசைக்குத்தான் வரும்.

என் தூக்கத்தைக் கெடுத்தது நீ சொன்ன இன்னொன்று. கைரேகை இயந்திரம் வைத்தாகிவிட்டது, வருகைப் பதிவுக் கவலை தீர்ந்தது என்றாயே, அது.

பழைய மகாபலிபுரம் சாலை சைட்டில் நானும் அப்படித்தான் மகிழ்ந்தேன். ஒரு மாதக் கடைசியில் ஒரு சித்தாள் வந்து நின்றார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிய அவருக்கு 90 நாள் வேலைச் சான்று வேண்டும். கணினி 84 என்றது. "ஒரு நாளும் நிற்கவில்லை சார்" என்று கையை விரித்துக் காட்டினார். தோல் வெளுத்து வெடித்திருந்தது. விரல் நுனிகள் வழவழவென்றிருந்தன. சிமென்ட்டின் காரம் ரேகையைத் தின்றுவிட்டது. இயந்திரம் ஏற்காது, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் கத்துவார்கள், அவர் உள்ளே போய்விடுவார். அன்று அவர் வரவில்லை என்று கணக்கு.

மேஸ்திரியின் சிட்டையைப் புரட்டினேன். எண்ணெய்ப் பிசுக்கேறிய அந்த நோட்டில் ஆறு நாள்களும் இருந்தன. கூலியும் அதைப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். சான்றில் கையெழுத்திட்டேன். ஆனால் அவருக்கு முன் எத்தனை பேர் கேட்காமலே போனார்களோ. அது என் பிழை, இயந்திரத்தின் பிழையல்ல.

அதனால் கேட்டில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கை நோட்டும் வை. மாலையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் நான் சைட்டை விட்டுக் கிளம்பியதில்லை.

இன்னொன்று: ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கும்போது நீயும் மேசையருகே உட்கார். என் காலத்தில் 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே அதைக் கேட்டது. நீ எதுவும் பேச வேண்டாம். ஆள் இருந்தால் அட்வான்ஸ் என்ற பெயரில் பிடித்தம் குறைந்துவிடும்.

பரணில் நீல அட்டை நோட்டுகள் இரண்டு எழுதாமல் கிடக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா